பார்த்தவன் எழுதியது

நான் தெருவோரத்தில் மனு அடிப்பவன். யாங்கூனில், பபேடான் பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குப் பக்கத்தில் என் மேஜை கிடக்கிறது. அதன்மேல் ஒரு பர்மிய எழுத்து டைப்ரைட்டர். அடையாள அட்டை தொலைந்தால், வீட்டுப் பட்டியலில் பேர் சேர்க்கவேண்டுமானால், மாடிவீட்டுக்காரன் கழிவுத் தண்ணீரை ஊற்றினால் ஜனங்கள் என்னிடம் வருவார்கள். அவர்கள் வாயால் சொல்வதை நான் ஆபீஸ் பாஷையில் அடித்துக் கொடுப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் இதுதான் பிழைப்பு. எழுத்தாளன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை, நானும் சொல்லிக்கொண்டதில்லை.

அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. கடைக்காரர் தமிழ் முஸ்லிம். நான் தமிழ்க் கிறிஸ்தவன். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. நான் அவரை பாய் என்பேன். அவர் என்னை சயா என்பார். சயா என்றால் பர்மிய மொழியில் வாத்தியார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார், பிறகு அதுவே பேராகிவிட்டது.

நாங்கள் இருவரும் சேர்ந்து சிலுவைப் போர்களைப் படித்தோம். ஐந்து வருஷம் படித்தோம். காரணம் ஒரு குதிரை.

எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஜெபக்கூடம் நடத்துகிறார்கள். நான் போகிற சபை அதுதான். சபையின் மூப்பர் ஒருநாள் என்னிடம் போனில் ஒரு வீடியோ காட்டினார். வெள்ளைக் குதிரை, சிவப்புச் சிலுவை போட்ட கொடி, தமிழில் ஒரு ஆள் தொண்டை கிழியக் கத்துகிறான். நம் முன்னோர் எருசலேமை மீட்ட கதையாம். என் முன்னோர் ராமநாதபுரத்திலிருந்து துறைமுகத்தில் கணக்கெழுத வந்தவர்கள், எருசலேமை எங்கே மீட்டார்கள்? நான் இதை பாயிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தன் மகனைக் கூப்பிட்டு அவன் போனை வாங்கினார். அதில் இன்னொரு வீடியோ. சுல்தான் எருசலேமை மீட்ட கதை. இங்கேயும் ஒருவன் கத்துகிறான்.

பாய் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"சயா, நல்லாப் பாரு. ரெண்டுலயும் ஒரே குதிரதான்யா ஓடுது. கொடிய மட்டும் மாத்திட்டானுங்க."

அன்றைக்கே முடிவு செய்தோம். கத்துகிறவனை விட்டுவிட்டு, அந்தக் காலத்தில் கூட இருந்து பார்த்தவன் என்ன எழுதி வைத்தான் என்று படிப்போம். நடைபாதைப் பழைய புத்தகக்காரரிடம் சொல்லிவைத்தோம். இங்கே வெளிநாட்டுப் புத்தகம் அசலாகக் கிடைக்காது. யாரோ ஜெராக்ஸ் எடுத்து, அட்டை போட்டுத் தைத்து விற்பார்கள். அப்படி இரண்டு கட்டுகள் வந்தன. இரண்டும் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஒன்றில் சிலுவைப் படையோடு போன சாமியார்களும் வீரர்களும் எழுதியவை. மற்றதில் அரபு வரலாற்றாசிரியர்களும் சுல்தானின் எழுத்தர்களும் எழுதியவை.

மத்தியானம் கரண்ட் போய்விடும். கரண்ட் போனால் கண்ணாடி தேய்க்கிற மெஷின் ஓடாது, பாய்க்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் உட்கார்ந்து தமிழில் எழுதுவோம். ஆளுக்கொரு நோட்டு. ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டோம். முஸ்லிம் எழுதியதை நான் தமிழில் எழுதவேண்டும். கிறிஸ்தவன் எழுதியதை அவர் எழுதவேண்டும். எழுதியதை மற்றவனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டவேண்டும். தன் ஆள் அசிங்கமாக ஏதாவது செய்தால் கேட்கிறவன் நடுவில் நிறுத்தக் கூடாது. இது பாயின் யோசனை. "நம்ம ஆளு எழுதுனத நாமளே எழுதுனா கை தானா நல்லதா எழுதிரும்" என்றார்.

எருசலேமைச் சிலுவைப் படை பிடித்த பகுதியை அவர் வாசித்த மத்தியானம் எனக்கு மறக்காது. சரணடைந்தவர்களையும் வெட்டுகிறார்கள். பெண்கள், குழந்தைகள் என்று பார்க்கவில்லை. அதைச் சந்தோஷமாக எழுதியிருக்கிறார்கள்.

"இத எழுதினது சாமியார்தானே சயா?"

"ஆமா."

"கொன்னதுக்கு ஆண்டவனுக்கு நன்றி சொல்றாரு."

"தெரியுதுய்யா. அடுத்த வரியப் படி."

பிறகு என் முறை வந்தது. அது நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம் கழித்து நடந்த போர். சுல்தான் ஜெயிக்கிறார். பிடிபட்ட சிலுவை வீரர்களில் ஒரு கூட்டத்தை வரிசையாக நிறுத்திக் கழுத்தை வெட்டச் சொல்கிறார். வெட்டுவதற்கு மார்க்க அறிஞர்கள் முன்வருகிறார்கள். பழக்கமில்லாத கைகள். அதைக் கூட இருந்து பார்த்த எழுத்தர் அடுக்குமொழியில், அலங்காரமாக எழுதுகிறார். நான் வாசித்து முடித்து நோட்டை மூடினேன்.

"எப்படி இருக்கு பாய்?"

"நாறுது. டீ சொல்லவா?"

அவருக்குப் பிடித்த இடம் ஒன்றே ஒன்றுதான். கடற்கரைக் கோட்டை ஒன்றை இரண்டு வருஷம் முற்றுகை போடுகிறார்கள். இரண்டு பக்கத்துப் படையும் எதிரெதிரே கூடாரம் போட்டுக் கிடந்து கிடந்து, ஒருவரை ஒருவர் அடையாளம் தெரிந்து, சண்டையை நிறுத்திவிட்டு நின்று பேசுவார்களாம். பாட்டுக்கூடப் பாடுவார்களாம். பிறகு மறுபடியும் வெட்டிக்கொள்வார்கள். "நம்ம டீக்கட மாதிரிதான்" என்பார் பாய்.

எனக்கு அந்த எழுத்தர்கள்மேல் கோபம் கோபமாக வரும். ஒருவன் செத்தவர்களைப் பத்தாயிரம் பத்தாயிரமாக ஏற்றி எழுதுகிறான். ஒருவன் கண்ணால் கண்டேன் என்கிறான், அன்றைக்கு அவன் வேறு ஊரில் இருந்திருக்கிறான். ஒரே நாள் சண்டையை இரண்டு கட்டிலும் படித்தால் ஒவ்வொருவனும் தனக்கு வேண்டாததை விட்டிருப்பது பளிச்சென்று தெரியும். நான் திட்டுவேன். பார்த்ததை எழுது, பார்க்காததை எழுதாதே, இது என்ன பெரிய வித்தையா என்பேன். கூலிக்கு எழுதுகிற நாய்கள் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். பாய் சிரிப்பார். "நீயும் கூலிக்குத்தானே அடிக்கிற சயா."

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

கரண்ட் போகிற நேரம் கூடிக்கொண்டே போனது. கடையை மூட வேண்டிய நிலைமை. பாய் ஒரு சீன ஜெனரேட்டர் வாங்கி நடைபாதையில் வைத்தார். கண்ணாடி தேய்க்கிற வேலையை அப்போது அவர் மகன்தான் செய்துகொண்டிருந்தான். இருபத்தாறு வயது, அவருக்கு ஒரே பிள்ளை. ஜெனரேட்டர் புகை மாடிப்படி வழியாக மேலே ஏறி ஜெபக்கூடத்துக்குள் போனது. மூப்பர் இரண்டு தடவை வந்து சொன்னார். பாய் அதை நகர்த்தி வைத்தார். நகர்த்தினாலும் புகை போனது. அந்தத் தெருவில் அதற்குமேல் நகர்த்த இடமில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம். மேலே உபவாச ஜெபம். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். மூப்பர் தடதடவென்று இறங்கி வந்தார். ஒன்றும் பேசாமல் ஜெனரேட்டரைக் காலால் தள்ளிச் சாய்த்தார். பெட்ரோல் நடைபாதையில் கொட்டியது. மகன் வெளியே ஓடிவந்து, "ஏன் அங்கிள்?" என்றான். மூப்பர் அவன் கன்னத்தில் அறைந்தார். இரண்டாவது தடவை கை ஓங்கினபோது அவன் அந்தக் கையைத் தட்டிவிட்டான். மூப்பர் பின்னால் கால் வைத்தார், பெட்ரோலில் வழுக்கி விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. நான் நாலடி தள்ளி என் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். நான் பார்த்தது இவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மூப்பர் கையில் மாவுக்கட்டோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். சபையைச் சேர்ந்த ஒரு சகோதரியும் கூட வந்திருந்தாள்.

"பிரதர், வார்டு ஆபீசுக்கு ஒரு கம்ப்ளெயிண்ட் அடிக்கணும்."

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கடைக்காரன் மகன் ஜெபத்தைக் கெடுக்க வந்தான். மதத்தைத் திட்டினான். பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தப் பார்த்தான். இரும்புக் கம்பியால் அடித்தான். இந்த இடத்தில் நான் கையை எடுத்தேன்.

"கம்பி எங்க இருந்து வந்துச்சு?"

"இருந்துச்சு பிரதர். நீங்க கவனிக்கல."

"நான் இங்கதானே உட்கார்ந்திருந்தேன்."

"நீங்க அடிக்கிறவரு. நாங்க சொல்றத அடிங்க. சாத்தான் உங்கள ஏன் குழப்புறான்?"

அந்தச் சகோதரி தலையை ஆட்டினாள். அவள் அன்றைக்கு மூன்றாவது மாடியில் கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தில் இருந்தவள். அவளும் பார்த்தவளாம்.

நான் அடித்தேன். வாடிக்கைக்காரன் சொன்னதை அடிப்பதுதான் தொழில், அதில் உண்மை பொய் பார்ப்பது மனு அடிப்பவன் வேலையில்லை என்பது எங்கள் தெருவில் எல்லா டைப்பிஸ்டும் சொல்கிற சால்ஜாப்பு. அதை நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். என் மனைவி செத்தபோது அடக்கத்துக்கு இடம் கிடைக்காமல் அலைந்தேன், அப்போது ஓடி ஓடி இடம் வாங்கித் தந்தவர் இந்த மூப்பர். அதையும் நினைத்துக்கொண்டேன். இன்னொன்றும் நினைத்தேன். பழைய காலம் மாதிரி வார்டு ஆபீசில் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுத் திட்டி, சமாதானம் பண்ணி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

மனுவின் அடியில் இரண்டு சாட்சி வேண்டும். பலபேர் தனியாக வருவார்கள், சாட்சிக்கு ஆள் தேடித் திரும்பிப் போகவேண்டி வரும். அதனால் இரண்டாவது சாட்சி இடத்தில் நானே கையெழுத்துப் போட்டு, என் அட்டை எண்ணை எழுதிக் கொடுப்பது எங்கள் வழக்கம். தொலைந்த அட்டைக்கும் ஒழுகுகிற குழாய்க்கும் அப்படி எத்தனையோ ஆயிரம் கையெழுத்து போட்டிருக்கிறேன். அந்தச் சகோதரி முதல் இடத்தில் போட்டாள். இரண்டாவது இடத்தில் நான் போட்டேன். கை தானாகப் போட்டுவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. கை தானாக எதையும் செய்யாது. நான்தான் போட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாய் என் மேஜைக்கு வந்தார். கையில் அந்த மனுவின் ஜெராக்ஸ். இப்போது பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுப்பதற்குப் பட்டியல் தயார் செய்வது வார்டு ஆபீஸ்தான். ஆள் கேட்டு மேலேயிருந்து நெருக்குகிறார்கள். எவன் பேரைப் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த மனு போய்ச் சேர்ந்திருக்கிறது. கொளுத்தப் பார்த்தவன், மதத்தைத் திட்டினவன், அதுவும் முஸ்லிம். அவன் பேரைப் பட்டியலில் மேலே ஏற்றிவிட்டார்கள். பாய் போய்க் கெஞ்சியபோது அதிகாரி இந்தக் காகிதத்தைக் காட்டி, உன் சிநேகிதனே சாட்சி போட்டிருக்கிறானே என்று கேட்டிருக்கிறான்.

"இது உன் கையெழுத்தா?"

"ஆமா பாய்."

"கம்பியப் பாத்தியா?"

"இல்ல."

"பெட்ரோல யாரு கொட்டினா?"

"மூப்பர்."

"எம்மவனுக்குத் தெரியும்ல, நீ எல்லாத்தையும் பாத்தேன்னு? இங்க உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்த?"

"சாட்சிக்கு ஆள் இல்லன்னா போடுறது வழக்கம்..."

"ஆயிரம் வருஷத்துக்கு முந்தி செத்தவன் சயா அந்தச் சாமியாரு. அவன எவ்வளவு திட்டுத் திட்டுன நீ."

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் சத்தம் போடவில்லை. "வெள்ளிக்கிழம காலையில லிஸ்ட் மேல போகுது. அதுக்குள்ள போயி, இது பொய்யின்னு எழுதிக் குடு. வேற ஒண்ணும் வேணாம்" என்றார். போய்விட்டார்.

அன்றைக்கே நடந்ததை நடந்தபடி அடித்தேன். அரைப் பக்கம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக வார்டு ஆபீசுக்குப் போயிருக்க வேண்டும். நான் புதன்கிழமை மூப்பரிடம் போனேன். அவரே மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டால் யாருக்கும் கெட்டபேர் வராது என்று கணக்குப் போட்டேன். யாருக்கும் என்றால் எனக்கு.

மூப்பர் நான் கொடுத்த காகிதத்தைப் படிக்கவில்லை. சபை ஆட்கள் ஏழெட்டுப் பேரைப் போன்போட்டு வரவழைத்தார். என்னை நடுவில் உட்காரவைத்து, தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"பிரதர் யாருக்குச் சாட்சி? கர்த்தருக்கா, கண்ணாடிக்கடைக்கா?"

"அஞ்சு வருஷமா அவங்க பொஸ்தகத்த எழுதிக்கிட்டிருக்காரு. எழுத எழுத ஒட்டிக்கிச்சு."

"அந்தப் பையன் போகலன்னா வேற யாரு போவான்? நம்ம சபைப் பையனுங்க ரெண்டு பேரு பேரும் லிஸ்ட்ல இருக்கு, தெரியுமா பிரதர்?"

கடைசியாகச் சொன்னவள் அந்த இரண்டு பையன்களில் ஒருவனுடைய தாய். அவள் கண் சிவந்திருந்தது. அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. மூப்பருக்குக் கை வலி மட்டும் இல்லை. ஒருத்தி பிள்ளை போனால் இன்னொருத்தி பிள்ளை தப்பும். மூப்பர் படிக்காமல் வைத்திருந்த காகிதத்தை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். புதன்கிழமை அப்படிப் போனது.

வியாழக்கிழமை வார்டு ஆபீசுக்குப் போனேன். அதிகாரி கூட்டத்துக்குப் போயிருந்தார். மூன்று மணிக்கு வந்தார். என் மனுக்களை வருஷக்கணக்கில் வாங்குகிறவர், மரியாதையாக நாற்காலி போட்டார், வெற்றிலை நீட்டினார். நான் காகிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு பர்மிய மொழியில் நிதானமாகக் கேட்டார்.

"சித்தப்பா, அந்த மனுவிலும் உங்க கையெழுத்து. இதிலும் உங்க கையெழுத்து. நான் எதை நம்பறது?"

"இதை."

"அப்படின்னா அதில பொய்ச் சாட்சி போட்டிருக்கீங்க. அதுக்கு நான் உங்க பேர்ல எழுதணும்." பின்னாலிருந்த பீரோவைக் காட்டினார். "இதில இருக்கிற பாதிக் காகிதத்தில நீங்கதான் சாட்சி. வீட்டுப் பட்டியல், அட்டை, பிறப்பு, எல்லாம். உங்க கையெழுத்து பொய்யின்னா இதெல்லாம் என்ன ஆகும்? எத்தனை வீட்டை நான் மறுபடி விசாரிக்கணும்?"

மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சங்கடப்படுகிறவர் மாதிரி சொன்னார். அந்தப் பீரோவில் இருக்கிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். பாதிப்பேர் எங்களைப்போல அட்டைக்கு அலைகிறவர்கள், தமிழர்கள், முஸ்லிம்கள். பாயின் சொந்த வீட்டுப் பட்டியலே அதில்தான் இருக்கிறது, என் சாட்சியோடு.

"இதை நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்று சொல்லி அதிகாரி என் அரைப் பக்கத்தை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார்.

நான் எழுந்து நின்று கத்தியிருக்கலாம். என்னைப் பிடித்துப் போடு என்று சொல்லியிருக்கலாம். நான் நன்றி சொன்னேன். வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் பாய் கேட்டார். "குடுத்தியா?"

"குடுத்தேன்."

"என்ன சொன்னான்?"

"வச்சிக்கிட்டான்."

"சரி" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் பாய் பெரிய ஆபீசில் யாரையோ பார்த்துக் கெஞ்சப் போயிருந்தார். பத்தேகால் மணிக்கு வேன் வந்தது. நாலுபேர் இறங்கினார்கள். மகன் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். ஓடவில்லை. லோஞ்ஜிக் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்.

"சயா, மூணு கண்ணாடி இன்னிக்கு டெலிவரி. ரெண்டாவது டிராயர்ல இருக்கு. வாப்பாகிட்ட சொல்லிருங்க."

நான் தலையை ஆட்டினேன். மேலே ஜெபக்கூடத்து ஜன்னலில் இரண்டு முகம் தெரிந்தது. வேன் போய்விட்டது.

ஏழு மாதம் ஆகிறது. முதல் மாதம் இரண்டு தடவை போன் வந்தது. வடக்கே சண்டை நடக்கிற பக்கம் அனுப்பப்போகிறார்கள் என்று இரண்டாவது தடவை சொன்னானாம். பிறகு ஒன்றும் வரவில்லை. சபைப் பையன்கள் இரண்டு பேரில் ஒருவனை அடுத்த மாதமே எடுத்துக்கொண்டார்கள், ஆக அந்தக் கணக்கும் பொய்த்தது. மூப்பர் கை சரியாகிவிட்டது. சத்துருவின் கையிலிருந்து ஆண்டவர் தன்னைக் காப்பாற்றினதாக ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொன்னார். ஜெபக்கூடத்துக்கும் இப்போது ஒரு ஜெனரேட்டர் வாங்கி அதே நடைபாதையில் வைத்திருக்கிறார்கள். அதன் புகை கண்ணாடிக் கடைக்குள் போகிறது. பாய் கதவைப் பாதி சாத்திக்கொண்டு வேலை செய்கிறார்.

அவர் என்னோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தவும் இல்லை. வந்தால் தலையசைப்பார். ஒரு தடவை, மகனைப்பற்றி விவரம் கேட்டு ஒரு மனு அடித்துத் தரச்சொல்லி வந்தார். அடித்தேன். சாட்சிக்கு இரண்டு பேரைத் தானே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பதில் வரவில்லை. நோட்டுகள் அந்தக் கடற்கரைக் கோட்டை முற்றுகையோடு நின்றுவிட்டன. அதற்குமேல் எழுத அவரும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

பார்த்தவன் எழுதினால் பொய் குறையும் என்று நான் நினைத்தது முட்டாள்தனம். அந்தச் சாமியாரும் அந்த எழுத்தரும் கூலிக்கு மட்டும் எழுதவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு எந்தக் கூடாரத்துக்குத் திரும்பவேண்டுமோ அந்தக் கூடாரத்துக்குள் நுழைய முடிகிறமாதிரி எழுதினார்கள். அதற்காக அவர்களை மன்னிக்கிறேன் என்று அர்த்தமில்லை. என்னையும்தான்.

பர்மிய மொழியில் இதை அடிக்க எனக்கு ஒரு மணி நேரம் போதும். அடித்தால் வார்டு ஆபீசில் படிப்பார்கள், கட்டடத்தில் படிப்பார்கள். நான் தமிழில், கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கே தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது. இந்தத் தெருவில் தமிழை முழுசாகப் படிக்கக்கூடியவர் பாய் ஒருவர்தான், அவரிடம் இதைக் காட்டப்போவதில்லை. யார் பேரையும் இதில் போடவில்லை. என் பேரையும் போடவில்லை.